பாஸ்போர்ட்டில் மூத்தவன்

அவனை நினைத்தால் எனக்கு முகம் முதலில் வருவதில்லை. கைதான் வருகிறது. வலது கை. முழங்கை மடங்காமல், காதை உரசிக்கொண்டு நேரே மேலே போகிற கை. எங்கே, யார், எதைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் அந்தக் கை எழுந்துவிடும். "யாரு போறா?" என்றால் போதும். எங்கே போக வேண்டும், எதற்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அப்புறம்தான்.

நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல் தெருக்கள், இந்தப் பக்கம் எங்கள் குடியானத் தெரு. மைதானம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. தாளடி என்கிற இரண்டாம் போக நெல்லை அறுத்த பிறகு வயல்தான் மைதானம். அறுத்த தாள் உள்ளங்காலைக் குத்தும். குத்திக் குத்தி அது மழுங்குவதற்குள் எங்கள் கால் காய்த்துவிடும். ஆற்றில் தண்ணீர் வந்து நாற்றங்காலுக்கு ஏர் இறங்கினால் எங்கள் கால்பந்து முடிந்தது. இடையில் இருக்கிற கோடை மாதங்களில் பந்து ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கருவைப் புதருக்குள் போகும். கட்டுவிரியன் இருக்கிற புதர். "யாருடா எடுக்குறது?" என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் அவன் கையைத் தூக்கியபடியே புதருக்குள் பாதி போயிருப்பான். தூக்கிய கையில்தான் முள் கிழிக்கும். அப்போதும் இறக்க மாட்டான்.

ஒரு ஐப்பசி மழையில் எங்கள் குத்தகை வயலுக்கு மேலே வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டது. நட்டு இருபது நாள்கூட ஆகாத பயிர். என் சித்தப்பாவும் தெரு ஆட்களும் மூங்கில் முளையும் வைக்கோல் பிரியும் மண் மூட்டையுமாக நின்றார்கள். உள்ளே இறங்கி முளையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். தண்ணீர் இழுத்த இழுப்பில் நீச்சல் தெரிந்தவர்களே கரையைவிட்டு நகரவில்லை.

"எவன்டா எறங்குறது?" என்று கேட்டார் சித்தப்பா.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கை எழுந்தது. வேடிக்கை பார்க்க வந்தவன் அவன். அவர்கள் வீட்டுக்கு வயலும் இல்லை, வரப்பும் இல்லை.

"பாய் ஊட்டுப் பயலுக்கு இங்க என்னடா வேலை?"

"கேட்டீங்கல்ல சித்தப்பா. யாராவது எறங்கணும்ல."

இதுதான் அவன் சொல்லுகிற பதில். வேறு எந்தக் காரணத்தையும் அவன் எப்போதும் சொன்னதில்லை. வயிறுவரை தண்ணீரில் நின்று, உதடு நீலம் பாரிக்க, உடைப்பை அடைக்கும்வரை முளையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா வாய்க்காலுக்கு அந்தக் கரையில் வந்து நின்று சத்தம் போட்டார்கள். வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பாவாடையும் ஜாக்கெட்டும் தைத்துக் குடும்பத்தை நடத்தியவர்கள். அத்தா என்று அவன் கூப்பிடுகிற அப்பா இறந்து அப்போதே பல வருஷம். "வீட்டுக்கு வா. அந்தக் கையச் சட்டையோட சேத்து வச்சுத் தச்சு உட்டுடுறேன்" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் பல் கிட்டித்தபடி சிரித்தான்.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பயணத்தைச் சபர் என்பார்கள். போய்ச் சம்பாதிக்கிறவர் சபராளி. சபராளிகள் விடுமுறையில் வந்தால் அவர்கள் செலவில் எழுவர் கால்பந்துப் போட்டி நடக்கும். முதல் பரிசு கோப்பை, இரண்டாம் பரிசு ஆட்டுக்கிடா. கோப்பையைத் தின்ன முடியாது என்பதால் எங்கள் அணிக்கு எப்போதும் கிடாமேல்தான் கண். ஒரு வருஷம் அரையிறுதி. ஜெயித்தால் அடுத்ததில் தோற்றாலும் கிடா உறுதி. ஆட்டம் முடியப் போகிற நேரம், எங்கள் கோல் பக்கத்துக் கூட்ட நெரிசலில் பந்து யார் மேலோ பட்டுத் திரும்பியது. எதிரணி "கை, கை" என்று கத்தியது. நடுவர் பார்க்கவில்லை. "யாரு கையில பட்டுது?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, பதில் வராது என்று ஆட்டத்தைத் தொடரத் திரும்பினார்.

அவன் கையைத் தூக்கினான். எந்தக் கையில் பட்டதோ அதே கை.

பெனால்ட்டி. கோலில் நின்றவன் நான். தடுக்க முடியவில்லை. கிடாவை எதிரணி பிடித்துக்கொண்டு போகும்போது அது எங்களைத் திரும்பிப் பார்த்துக் கத்தியது. அதிலிருந்து ஊரில் அவனுக்குக் "கிடாக்கறியக் கையால தள்ளுனவன்" என்று பேர். டீக்கடையில், சலூனில், பஸ்ஸில், எங்கே போனாலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவனுக்குக் கோபம் வராது. "கேட்டாரு மாப்ளே, என்ன பண்ணச் சொல்ற?" என்பான்.

கையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் இடதுகால் ஆட்டக்காரன். இடது ஓரத்தில், லெஃப்ட் அவுட் என்று அப்போது சொல்லுகிற இடத்தில் ஆடுவான். ஓரத்துக் கோட்டில் பந்தை வாங்கினால் கோட்டை ஒட்டியே ஓடி, கடைசி ஆளைத் தாண்டி, ஓடுகிற ஓட்டத்திலேயே இடது காலால் பந்தை வளைத்து கோல் முன்னால் போடுவான். வாய்க்கால் கரையில் ஓடிப் பழகிய கால். ஒரு சாண் அகலக் கரை இருந்தால் அதில் பந்தோடு ஓடுவான். தண்ணீரில் விழ மாட்டான். ஊரிலே அந்த மாதிரி இடதுகால் வேறு யாருக்கும் கிடையாது. மாவட்டத்திலேயே கிடையாது என்று பிறகு தெரிந்தது.

மாவட்டத் தேர்வுக்கு இரண்டு பேரும் போனோம். நான் எட்டாவதோடு நின்றவன். நெல் லாரியில் கிளீனராகப் போய்வந்து கொண்டிருந்தேன். கோல் காக்கிற கோலிக்கு ஆள் குறைச்சல் என்று என்னை எடுத்தார்கள். அவனைப் பார்த்தவுடனே எடுத்தார்கள். மாவட்ட அணியில் ஆடி, மாநில முகாமுக்கு இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது. பத்தொன்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான தேசியப் போட்டி. முகாமில் தேறுகிறவர்கள் மாநிலத்துக்காக ஆடலாம். கல்கத்தா கிளப்காரர்களும் கோவாக்காரர்களும் அந்தப் போட்டியை வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள், பிடித்தால் அங்கேயே பேசி முடிப்பார்கள் என்று மாவட்டப் பயிற்சியாளர் சொன்னார். அப்போதுதான் நாடு முழுக்கக் கிளப்புகள் மோதும் ஆட்டங்களை டிவியில் காட்டத் தொடங்கியிருந்தார்கள். பந்து ஆடுவதற்கே சம்பளம் கொடுப்பார்கள் என்பதை எங்கள் ஊர் அப்போதுதான் கேள்விப்பட்டது.

அவன் அம்மாவிடம் இதைச் சொல்ல நானும் போயிருந்தேன். மிஷினை நிறுத்தாமலே கேட்டார்கள்.

"ஆடுறதுக்கா சம்பளம்?"

"ஆமாம்மா."

"மாசா மாசமா?"

"மாசா மாசம்தான்."

"மழை பேஞ்சா?"

"மழை பேஞ்சாலும் உண்டும்மா."

கொஞ்ச நேரம் மிஷின் ஓடியது. "சரி. விசா வர்றதுக்குள்ள உன் பந்த முடிச்சுக்க. அவங்க எடுத்துக்கிட்டா இங்கயே இரு. இல்லாட்டிப் போயிடணும். மச்சான் அங்க எத்தன பேருகிட்டச் சொல்லி வச்சிருக்காரு தெரியுமா?"

மச்சான் என்றது அவன் அக்கா வீட்டுக்காரரை. வளைகுடாவில் இருந்தார். இன்னொரு அக்காவுக்குக் கல்யாணம் பாக்கி. வீடு சுவர் எழும்பி, கூரை போடாமல் இரண்டு மழையைப் பார்த்துவிட்டது. எங்கள் ஊரில் அந்த மாதிரி வீட்டுக்குச் சபர் ஒன்றுதான் வழி.

அவனுக்குப் பாஸ்போர்ட் முன்பே எடுத்தாகிவிட்டது. பள்ளிவாசல் தெருவில் பையனுக்கு மீசை அரும்பினால் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். சின்னப் பையனுக்கு அங்கே வேலை தர மாட்டார்கள் என்று ஏஜென்ட் நாலு வயதைக் கூட்டி எழுதினார். பள்ளிக்கூடச் சான்றிதழைக் காட்டினால் நிஜ வயது தெரிந்துவிடும் என்று, படிக்காதவன் என்றும் சேர்த்து எழுதினார். அது வந்த அன்று அவன் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து எனக்குக் காட்டினான்.

"ஒரே மத்தியானத்துல நாலு வயசு ஏறிட்டேன்டா. படிச்ச படிப்பும் போச்சு. இனிமே என்னை அண்ணேன்னு கூப்புடு."

அன்றிலிருந்து நான் அவனைக் கேலியாக அண்ணே என்றுதான் கூப்பிட்டேன், பேச்சில் மட்டும் பழைய வாடா போடா. எங்கள் ஊரில் பாஸ்போர்ட் வயதை யாரும் வயது என்று நினைப்பதே இல்லை. சபருக்குப் போகும்போது போட்டுக்கொள்கிற புதுச் சட்டை மாதிரி அது. எல்லார் வீட்டிலும் ஒன்று தொங்கும். அதில் பொய் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றியதில்லை. அவனுக்கும் தோன்றவில்லை.

முகாம் சென்னையில் ஒரு விளையாட்டு விடுதியில். கிளம்பும்போது அவன் அம்மா பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைத் துணிப்பையில் வைத்து வாயைத் தைத்துப் பெட்டியின் அடியில் வைத்தார்கள். விசா வந்துவிட்டது என்றால் அவன் அங்கிருந்தே ஏஜென்ட் ஆபீசுக்கு ஓட வேண்டும் என்று ஏற்பாடு.

முகாமில் அவன் ஆடின ஆட்டத்தைச் சொன்னால் கூட்டிச் சொல்லுகிறேன் என்பார்கள். முதல் வாரத்திலேயே பயிற்சியாளர் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். மற்றவர்களை எல்லாம் ஊர்ப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். அவன் இடத்துக்கு இன்னொருவனும் இருந்தான், வேறு மாவட்டத்துக்காரன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சவரம் செய்வான், அதனால் எங்களுக்கு அவன் சவரக்காரன். தலையணைக்கு அடியில் ஒரு கைக்குழந்தையின் போட்டோ இருக்கும். "அக்கா பொண்ணு" என்பான். யாரும் மேலே கேட்க மாட்டோம். அவன் ஒருவன்தான் என்றில்லை. அந்த முகாமில் பாதிப் பேருக்குக் காகிதத்தில் ஒரு வயது, கன்னத்தில் ஒரு வயது. எல்லாருக்கும் காகிதத்தில் குறைவு. எங்களவனுக்கு மட்டும்தான் காகிதத்தில் கூடுதல்.

பட்டியல் அறிவிக்கப் போகிற நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தார்கள். மேலாளர் நல்ல மனிதர். தன் கைக்காசில் எங்களுக்கு வாழைப்பழம் வாங்கித் தருகிறவர். அன்றைக்கு சந்தோஷமாக இருந்தார். தேசியப் போட்டியில் நன்றாக ஆடினால் இந்திய இளையோர் அணிக்கு இரண்டொருவரைக் கூப்பிடலாம், அந்த அணி வெளிநாட்டுக்குப் போகப்போகிறது என்று சொன்னார்.

"கடைசி நேரத்துல பாஸ்போர்ட் இல்லைன்னு பல பேருக்குச் சான்ஸ் போயிருக்கு. அதனால இப்பவே கேக்குறேன். இங்க யார்கிட்டயாவது பாஸ்போர்ட் இருக்கா? இருக்கறவங்க கை தூக்குங்க."

நான் அவனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காற்று பட்டது. அவன் கை போன வேகம் அப்படி.

கூடத்தில் ஒரே ஒரு கை. மேலாளர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களாடா? நன்னிலத்துக்காரன் முன்னாடியே ரெடியா இருக்கான். கொண்டாந்திருக்கியா?"

"இருக்கு சார்."

ஓடினான். அம்மா போட்ட தையலைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். மேலாளர் வாங்கிப் புரட்டினார். புரட்டினவர் ஒரு பக்கத்திலே நின்றுவிட்டார். விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"தம்பி, இது உன்னோடதுதானா?"

"ஆமா சார்."

"இதுல உனக்கு இருபத்திரண்டு முடிஞ்சிருக்கேப்பா."

அவன் சிரித்தான். உண்மையாகவே சிரித்தான். "அது சபருக்காகப் போட்டது சார். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. நெசமா எனக்குப் பதினெட்டுதான்."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சவரக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலாளர் பாஸ்போர்ட்டை மூடி மறுபடியும் திறந்து பார்த்தார்.

"எல்லார் முன்னாடியும் காட்டிட்டியேப்பா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "தனியாக் காட்டியிருந்தாலாவது நான் பாக்காத மாதிரி இருந்திருப்பேன்."

பிறகு ஆபீஸ் அறையில் வைத்து அவர் சொன்னபோது நானும் கூட நின்றேன். பேரூராட்சியில் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் பதினெட்டு. இதில் இருபத்திரண்டு. அது சரி என்றால் இது பொய். இது பொய் என்று பாஸ்போர்ட் ஆபீசில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிட்டு வந்தால் அவனை அணியில் எடுத்துக்கொள்ளலாம். இது சரி என்றால் அவன் ஊருக்குப் போக வேண்டும்.

"ரெண்டையும் வச்சுக்க முடியாது. மேல எவனாவது ஒரு மனு போட்டான்னா மொத்த டீமையும் வெளியேத்திடுவான். நான் என்னப்பா பண்ணட்டும், நீயே சொல்லு."

எழுதிக் கொடுத்தால் ஏஜென்ட் மாட்டுவார். இன்னொரு பாஸ்போர்ட் எப்போது கிடைக்குமோ, கேஸ் வருமோ. மச்சான் சொல்லி வைத்த இடம் போய்விடும். எழுதிக் கொடுக்காவிட்டால் இடது ஓரம் போய்விடும்.

விடுதிக்கு வெளியே எஸ்டிடி பூத். பக்கத்து வீட்டுச் சபராளி வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னான். கடல் தாண்டிப் பேசிப் பேசிப் பழகின பெண்கள் போனில் கத்தித்தான் பேசுவார்கள். பூத்துக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. அவன் நடந்ததையெல்லாம் சொன்னான்.

"பாஸ்போர்ட்டு இப்ப யாருகிட்ட இருக்கு?"

"என் கையிலதாம்மா இருக்கு."

"அவங்க வாங்கி வச்சுக்கலையே?"

"இல்லம்மா."

"அப்ப அதப் பத்திரமா எடுத்துக்கிட்டு வந்துடு தம்பி. கெளம்பி வா." அப்புறம், "சாப்புட்டியா?" என்றார்கள்.

"சாப்புட்டேம்மா. மீன் கொழம்பு" என்றான் அவன். அன்றைக்கு விடுதியில் சாம்பார்.

நான் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். கூரை இல்லாத வீட்டில் மிஷின்மேல் சாக்குப் போட்டு மூடிக்கொண்டு மழையைப் பார்த்தவர்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அவன் பெட்டியைக் கட்டும்போது சவரக்காரன் வந்து நின்றான். தாடையில் பிளேடு வெட்டு. "நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலப்பா. சத்தியமா" என்றான்.

"தெரியும்ணே. நல்லா ஆடுங்கண்ணே" என்றான் இவன். முகாமில் சவரக்காரனை அண்ணே என்று கூப்பிட்ட ஒரே ஆள் இவன்தான். அவன் அதை மறுக்கவும் இல்லை.

பஸ் ஏற்றிவிட நான் போனேன். பஸ் நகரப் போகும்போது என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தன பேரு வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தோம். நீ ஏன்டா தூக்குன?"

கேட்டாங்கல்ல என்று சொல்லுவான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எவன்கிட்டயும் இல்லாத ஒண்ணு நம்மகிட்ட இருக்குதேன்னு தூக்குனேன்டா" என்றான்.

பட்டியலில் என் பேர் இருந்தது, இரண்டாவது கோலியாக. வடக்கே ஒரு ஊரில் போட்டி. ரயிலில் போனோம். எல்லா ஆட்டத்துக்கும் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாவட்டப் பயிற்சியாளர் சொன்னது உண்மைதான், கிளப்காரர்கள் வந்திருந்தார்கள். குடைக்குக் கீழே ஃபிளாஸ்க்கும் கையுமாக இரண்டு வங்காளிகள். யாராவது நன்றாக ஆடினால் கைதட்ட மாட்டார்கள். ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பார், அவ்வளவுதான். சவரக்காரன் இடது ஓரத்தில் ஆடினான். நன்றாகவே ஆடினான், அதையும் சொல்ல வேண்டும். காலிறுதியில் ஒரு கோல் போட்டபோது அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் திரும்பும் ரயிலில் அவன் இல்லை. அவனைக் கல்கத்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஊருக்கு வந்தால் இவன் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். விசா வந்திருக்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்து எல்லா ஆட்டத்தையும் சொல்லச் சொன்னான். சொன்னேன். கிளப்காரர்களைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு அதையும் சொன்னேன்.

"அந்தக் கோல எந்தக் காலால போட்டாரு?"

"வலது கால்."

"லெஃப்ட் அவுட்ல நின்னுக்கிட்டு வலது காலா?" என்று சிரித்தான். சிரித்துவிட்டு, "நம்மகிட்ட வந்திருந்தா வளைச்சிருக்கலாம்" என்று சொல்லி அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தான்.

விசா வர மேலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அவன் நிஜமாகவே பத்தொன்பதைத் தாண்டிவிட்டான். அந்த ஒரு வருஷத்தில் அவன் பந்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை. அவன் கிளம்பின அன்றைக்கு நான் ஊரில் இல்லை. லாரியில் எங்கேயோ போயிருந்தேன்.

பிறகு நான் திருப்பூரில் சாயப்பட்டறை, மும்பையில் கட்டட வேலை, திரும்ப லாரி என்று அலைந்தேன். எந்த இடத்திலும் ரொம்ப நாள் தங்கவில்லை. கடைசியில் நானும் வளைகுடாவுக்குப் போனேன். போன இடத்தில் தண்ணி டேங்கர் வண்டியில் வேலை. ஒரு வேலைத்தலத்தில் டேங்கரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். பெரிய கிரேன் ஒன்று இரும்புத் தூணைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன் வலது கையைக் காதோடு ஒட்டி நேரே தூக்கிச் சைகை காட்டிக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே" என்று கத்தினேன்.

மெலிந்து கறுத்திருந்தான். முன்தலை நரைத்திருந்தது. கால் மட்டும் அதே கால். "எப்படிடா இந்த வேல?" என்று கேட்டேன். "வந்த புதுசுல, கிரேன் சைகை யாருக்குத் தெரியும்னு கேட்டாங்க. தூக்குனேன். அப்புறம் கத்துக்கிட்டேன்" என்றான். வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. அக்கா கல்யாணம் முடிந்தது. அவனுக்கே இரண்டு பெண் பிள்ளைகள். அறுபதில் கம்பெனி அனுப்பிவிடும், பாஸ்போர்ட் கணக்கில் அது நாலு வருஷம் முன்னாலேயே வந்துவிடும் என்றான். அதை மழை வரும் என்று சொல்லுகிற மாதிரி சொன்னான்.

வெள்ளிக்கிழமைகளில் தொழிலாளர் குடியிருப்புக்குப் பின்னால் மணல் திடலில் பந்து ஆடுவார்கள். மலையாளிகள், நம் ஆட்கள், வங்காளிகள் என்று கம்பெனிக்குக் கம்பெனி அணி. அந்த வருஷம் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு என்று தனியாக ஒரு போட்டி வைத்தார்கள். அவர்கள் கம்பெனி மெஸ்ஸில், "நாப்பது முடிஞ்சவங்க யாரு?" என்று கேட்டபோது கையைத் தூக்கியிருக்கிறான். அவனுக்கு அப்போது என் வயது, முப்பத்தாறு. பாஸ்போர்ட்டில் நாற்பது. என் பாஸ்போர்ட்டில் என் வயதே இருந்ததால் எனக்கு ஆட இடமில்லை. தண்ணீர் கேனை வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தேன்.

முதல் ஆட்டம். தொப்பையும் முழங்கால் பட்டையுமாகக் கிழவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, இடது ஓரத்தில் அவன் ஓடினான். வாய்க்கால் கரையில் ஓடுகிற ஓட்டம். கடைசி ஆளைத் தாண்டி, ஓடுகிற ஓட்டத்திலேயே இடது காலால் வளைத்தான். இடைவேளைக்குள் மூன்று தடவை அப்படிப் போட்டான், இரண்டு கோலாயிற்று.

இடைவேளையில் எதிரணி தகராறுக்கு வந்தது. அவனுக்கு நாற்பது இல்லை என்றார்கள். அவன் ஓடிப்போய்ப் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தான். நடத்துகிறவர் வாங்கிப் பார்த்தார். விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "சரியா இருக்கு. நாப்பது ஆயிடுச்சு" என்று திருப்பிக் கொடுத்தார்.

எதிரணித் தலைவர் தலை முழுக்க நரைத்த மலையாளி. நிதானமான மனிதர். எங்கள் ஆட்களை வரிசையாக நிற்கச் சொல்லிவிட்டு அரைத் தமிழில் பேசினார்.

"பேப்பர் எல்லாம் சரி. இங்க யார் பேப்பர் சரியில்ல? எனக்குப் பேப்பர் வேண்டாம். படைச்சவனுக்குப் பொதுவாக் கேக்குறேன். நெசமா நாப்பது ஆகாத ஆளு இந்த வரிசையில இருந்தா, கை தூக்கணும்."

நான் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது, சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தான். இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடித்த பிடியில் நகமெல்லாம் வெளுத்திருந்தது. வலது கையின் விரல்கள் ஒட்டிக்கொண்டு, விறைத்து, கீழ்நோக்கி நின்றன.

மலையாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். அவன் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றார். வரிசையில் ஒரு கையும் எழவில்லை.

"சரி" என்றார் அவர்.

விசில் ஊதினார்கள். அவன் மணிக்கட்டை விட்டான். சிவந்து தடம் விழுந்திருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே இடது ஓரத்துக்கு ஓடினான்.